டயர் கடைக்காரர் கணக்கும் 1942 கணக்கும்

"கண்ணை மூடிட்டு வாங்குங்க சார், அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும்." இதைச் சொல்லாத டயர் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கலை. முப்பதாயிரம் தாண்டினதும் அதே கடையில அதே ஆள் டயர் மேல விரலை ஓட்டிப் பார்த்துட்டு, "மொட்டையாயிடுச்சே சார், எங்க ஓட்டுனீங்க?"ன்னு நம்மையே திருப்பிக் கேட்பார். என்னமோ நாம ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரி!

மெக்கானிக்கைக் கேட்டால் அலைன்மெண்ட் என்பார். டயர் கம்பெனி ஆளைக் கேட்டால் காத்து என்பார். எங்க மாமாவைக் கேட்டால், "அந்தக் காலத்து டயர் மாதிரி வருமாடா?" என்பார். மெக்கானிக் சொல்றதும் சரி, கம்பெனி ஆள் சொல்றதும் சரி. மாமா சொல்றது மட்டும் சுத்தமாத் தப்பு. அதனால மாமாகிட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன்.

காற்றடைத்த டயரை முதல்முதலா ஒரு கார்ல மாட்டி பந்தயத்துக்கு விட்டவங்க பிரான்ஸின் மிஷெலின் சகோதரர்கள். 1895, பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயம். வழிநெடுக பஞ்சர். நிறுத்தி, கழட்டி, ஒட்டி, மாட்டி, மறுபடி பஞ்சர். ஆனாலும் ஊர் வந்து சேர்ந்தாங்க. அதுவரைக்கும் கட்டி ரப்பர்லயும் இரும்புப் பட்டையிலயும் எலும்பு குலுங்கப் போனவங்களுக்கு அதுவே அதிசயம். அந்தக் காலத்து டயர் சில ஆயிரம் மைல் ஓடினால் அன்றைக்கு அது நல்ல டயர்.

இன்னொரு சங்கதி, அப்போ டயர் கருப்பு இல்லை. ரப்பர் பாலோட இயற்கையான நிறம் வெளிறின மஞ்சள். அதுல துத்தநாக ஆக்சைடு கலந்தால் வெள்ளை. மிஷெலின் விளம்பர பொம்மை ஏன் வெள்ளையா, பிள்ளையார் மாதிரி மடிப்பு மடிப்பா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? 1898-ல அந்த பொம்மை பிறந்தப்ப டயர் அந்த நிறம்தான். 1904 வாக்கில் லண்டன் சில்வர்டவுன்ல இருந்த ரப்பர் தொழிற்சாலையில எஸ்.சி. மோட் என்பவர் ரப்பர்ல கரிப்பொடி (நம்ம சிம்னி விளக்குக் கரி மாதிரிதான், கார்பன் பிளாக்) கலந்து பார்த்தார். நிறம் மாறினதோட தேய்மானமும் மளமளன்னு குறைஞ்சது. சில வருஷத்துல அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனி அந்த முறையை வாங்கிக்கிட்டு பெரிய அளவில் இறங்கியது. அதுக்கப்புறம் உலகத்துல டயர்னா கருப்புன்னு ஆயிடுச்சு. அழகுக்காக இல்லைங்க, உழைப்புக்காக!

(வந்தது வந்தோம், ஸ்டெப்னி கதையையும் சொல்லிடறேன். ஆங்கிலேயன்கிட்ட ஸ்டெப்னின்னா இன்னைக்கு முழிப்பான். வேல்ஸ்ல லனெல்லின்னு ஒரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவுல கடை வெச்சிருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல ஒரு மாற்றுச் சக்கரம் கண்டுபிடிச்சாங்க. பஞ்சர் ஆன சக்கரத்தோட பக்கத்துல அப்படியே இறுக்கி மாட்டிக்கிட்டுப் போகலாம். அவங்க ஊர்ல பேர் மறைஞ்சு போச்சு, நம்ம ஊர் லாரி ஷெட்ல நூறு வருஷமா உசிரோட இருக்கு.)

சரி, தேய்மானம்னா என்ன? ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம், பயப்படாதீங்க. புது கார் டயர்ல பட்டன் உயரம் சுமார் 8 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டர் வந்தால் மாத்தணும். ஆக தேய்க்க நமக்குக் கொடுத்திருக்கிறது 6.4 மில்லிமீட்டர். நம்ம சின்ன கார் சக்கரம் கிலோமீட்டருக்கு 550 தடவை போல சுத்தும். அம்பதாயிரம் கிலோமீட்டருக்கு ரெண்டே முக்கால் கோடி சுற்று. வகுத்தால், ஒரு சுற்றுக்குத் தேயறது ஒரு மில்லிமீட்டரை நாற்பது லட்சத்துக்கும் மேல பங்கு போட்டதுல ஒரு பங்கு. ஒண்ணு ரெண்டு அணு உயரம்! அம்பதாயிரம் ஓடற டயருக்கும் முப்பதாயிரத்துல மொட்டையாகற டயருக்கும் வித்தியாசம், சுற்றுக்கு இன்னொரு அணு கனம், அவ்வளவுதான். இப்படி நூல் மேல நிக்கற விஷயத்துல நம்ம பழக்கவழக்கம் கொஞ்சம் மாறினாலும் கணக்கு கவிழ்ந்துடும்.

டயர் உருள்றதுனால தேயறதில்லை, வழுக்கறதுனால தேயுது. சறுக்கி விழற வழுக்கல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத வழுக்கல். ரோட்டைத் தொடற இடம் உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கை ரோட்டை விட்டுக் கிளம்பற நேரத்துல கொஞ்சம் இழுபடுது. பிரேக் அடிச்சால் அதிகம், திருப்பினால் இன்னும் அதிகம். சக்கரம் நேரா நிக்காம கால் டிகிரி திரும்பியிருந்தால் (அலைன்மெண்ட்னு சொல்றது இதைத்தான்) கிலோமீட்டருக்கு நாலு மீட்டருக்கு மேல பக்கவாட்டுல இழுபடும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல அந்த டயரைக் குறுக்கே இழுத்துட்டுப் போயிருக்கோம்னு அர்த்தம். காத்து குறைஞ்சால் நடுப்பகுதி சரியா அழுந்தாது, ரெண்டு ஓரமும் தேயும். அதோட பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு நிமிர்றதுல டயர் கொதிக்கும், கொதிச்ச ரப்பர் சீக்கிரம் தளரும். காத்து ஓவரானால் நடுவுல மட்டும் தேயும்.

இதெல்லாம் நேத்து வந்த ஞானம் இல்லை. ஒரு நாடு முழுக்க, டீச்சர் முதல் பால்காரர் வரை, இந்தப் பாடத்தை உட்கார்ந்து படிச்ச ஒரு காலம் இருந்தது. அமெரிக்கா, 1942. அந்தக் கதையோட மறுமுனையில நம்ம ஆட்கள் இருக்காங்க. நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான்.

ரப்பர் மரத்தோட சொந்த ஊர் அமேசான் காடு. 1876-ல ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில்ல இருந்து 70,000 விதைகளைக் கப்பலேத்தி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைச்சது கொஞ்சம்தான். அந்த நாற்றுகள் இலங்கைக்கும், மறுவருஷம் சிங்கப்பூருக்கும் போச்சு. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துல 1888-ல பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காம பட்டையை மட்டும் மெல்லிசா சீவிப் பால் எடுக்கற முறையை உருவாக்கினார். 'நடுங்கய்யா ரப்பர் நடுங்க'ன்னு தோட்டத் துரைமார்கள் பின்னாடியே அலைஞ்ச மனுஷர். அவருக்குப் பைத்தியம்னு பேர். அப்புறம் கார் வந்தது, விலை ஏறினது, மலாயாக் காடு முழுக்க ரப்பர் ஆச்சு.

மரம் நட்டாச்சு, வெட்ட ஆள்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடுன்னு நம்ம ஊர்கள்ல இருந்து கங்காணிகள் கப்பலேத்தினாங்க. பொழுது விடியறதுக்கு முன்னால பெரட்டு (பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பறது). இருட்டோட காட்டுக்குள்ள போய் பால் வெட்டணும், ஏன்னா வெயில் ஏறினால் பால் உறைஞ்சிடும். மரத்துக்கு மரம் மங்குல சொட்டுச் சொட்டா வடியற பாலைச் சேர்த்து, வாளியில தூக்கிட்டு வந்து நிறுக்கணும். அந்தச் சொட்டுதான் பாளமாகி, கப்பலேறி, ஏக்ரன் நகரத்துல டயராகி, டெட்ராய்ட்ல காருக்குக் கீழே போய் உட்கார்ந்தது. உலகத்துலயே அதிகமா ரப்பர் தின்ன நாடு அமெரிக்கா. 1941-ல அந்த ரப்பர்ல நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல தென்கிழக்கு ஆசியாவுல இருந்து வந்தது. (ஹென்றி ஃபோர்டு 1928-ல இருந்து அமேசான்லயே ஃபோர்ட்லாண்டியான்னு சொந்தமா தோட்டம் போட்டுப் பார்த்தார். நெருக்கி நட்ட மரத்தையெல்லாம் இலைக்கருகல் நோய் தின்னுடுச்சு. மலாயாவுல அந்த நோய் இல்லை.)

அந்தச் சொட்டுக்கு என்ன கூலி? 1941 மார்ச்ல இருந்து மே வரைக்கும் சிலாங்கூர்ல, கிள்ளான் பக்கத்துத் தோட்டங்கள்ல தமிழ்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்து ஆர்.எச். நாதன் முன்னால நின்னார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேணும்ங்கறது ஒரு கோரிக்கை. கள்ளுக்கடையை மூடணும்ங்கறது இன்னொண்ணு. எனக்கு நெஞ்சுல தைச்சது வேற ஒண்ணு. வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிர்ல வந்தால் சைக்கிள்ல இருந்து இறங்கி நிக்கணும்ங்கற வழக்கத்தை நிறுத்தணும். யோசிச்சுப் பாருங்க. அந்த சைக்கிள் டயரே அவங்க வெட்டின பால்தான், அது மேல உட்கார்ந்து போக உரிமை இல்லை! அரசாங்கம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. பட்டாளத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டுல தொழிலாளிகள் செத்தாங்க.

இதெல்லாம் நடந்து ஏழு மாசம்தான். 1941 டிசம்பர்ல ஜப்பான் பர்ல் துறைமுகத்துல குண்டு போட்ட அதே நேரத்துல மலாயாவோட வடகோடியில கோத்தா பாருல கரையிறங்கியது. ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிள்லயே தெற்கே வந்தாங்க. வெயில்ல டயர் வெடிச்சால் ஒட்ட நேரமில்லாம வெறும் ரிம்லயே ஓட்டினாங்களாம். ராத்திரியில அந்தச் சத்தம் டேங்க் வர்ற மாதிரி கேட்டதாக அந்தப் போரைப் பத்தின புத்தகங்கள்ல திரும்பத் திரும்ப வரும். உலகத்துக்கே டயர் கொடுத்த தேசத்தை டயர் இல்லாத சைக்கிள்ல வந்து பிடிச்சாங்க. 1942 ஜனவரி 11 கோலாலம்பூர், பிப்ரவரி 15 சிங்கப்பூர். முடிஞ்சது.

வாஷிங்டன்ல அதிகாரிகளுக்கு வயித்துல புளி கரைஞ்சது. ஒரு டேங்குக்கே அரை டன் போல ரப்பர் வேணும். விமானம், கப்பல், ராணுவ லாரி எல்லாத்துக்கும் ரப்பர். கையிருப்போ கொஞ்சம். பர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்த அந்த வாரத்துலயே புது டயர் விற்பனையை நிறுத்தினாங்க. 1942 ஜனவரியில டயருக்கு ரேஷன். அந்தப் போர்க்காலத்துல அமெரிக்காவுல முதல்ல ரேஷனுக்கு வந்த பொருள் சர்க்கரையோ மாமிசமோ இல்லை, டயர்! பிப்ரவரியில சொந்த உபயோகத்துக்குக் கார் தயாரிக்கறதும் நின்னு போச்சு. ஜூன்ல பழைய ரப்பர் சேகரிப்பு. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரேடியோவில் கேட்டுக்கிட்டார், ஜனங்க தோட்டத்துக் குழாய், மழைச்செருப்பு, பொம்மைன்னு பெட்ரோல் பங்க்ல கொண்டுவந்து குவிச்சாங்க. பவுண்டுக்கு ஒரு சென்ட். நாலரை லட்சம் டன் போல சேர்ந்தது. ஆனால் பழைய ரப்பர்ல இருந்து நல்ல டயர் வராது. இது அப்பவே தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட்ல ரூஸ்வெல்ட் மூணு பேரைக் கூப்பிட்டார். பெர்னார்ட் பரூக், ஹார்வர்ட் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், எம்.ஐ.டி. தலைவர் கார்ல் காம்ப்டன். செப்டம்பர் 10-ந்தேதி அறிக்கை வந்தது. அந்தக் குழு கேட்டுக்கிட்ட கேள்வி 'டயர் எங்கே கிடைக்கும்?'ங்கறது மட்டும் இல்லை. 'ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கற டயரை எப்படித் தேயாம வெச்சிருக்கறது?' நாட்டுல இரண்டரைக் கோடிக்கும் மேல கார். அந்தக் கார்களுக்குக் கீழே இருக்கறதுதான் நாட்டோட மிகப் பெரிய ரப்பர் கிடங்கு. அது தினம் ரோட்டுல தூசியாப் போயிட்டிருக்கு.

அவங்க சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. டயரைக் காப்பாத்த பெட்ரோலை அளந்து கொடு!

கிழக்குக் கடற்கரையில ஏற்கெனவே பெட்ரோல் ரேஷன் இருந்தது, அது ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிச்சதால. ஆனால் டெக்சாஸ் மாதிரி இடங்கள்ல பெட்ரோலுக்கு என்ன பஞ்சம்? கொல்லைப்புறத்துலயே கிணறு இருக்கு, எங்களுக்கு எதுக்கு ரேஷன்னு சண்டைக்கு வந்தாங்க. குழு அசரலை. பிரச்சினை பெட்ரோல் இல்லைய்யா, டயர். மக்கள் டயரைத் தேய்க்காம இருக்க ஒரே வழி அவங்க ஓட்டறதைக் குறைக்கறது. அதுக்கு ஒரே பூட்டு பெட்ரோல். 1942 டிசம்பர் 1 முதல் நாடு முழுக்க பெட்ரோல் ரேஷன். சாதாரண ஆளுக்கு 'ஏ' ஸ்டிக்கர், வாரத்துக்கு நாலு காலன், பிறகு மூணாகவும் குறைஞ்சது. டாக்டர் மாதிரி ஆட்களுக்கு வேற ஸ்டிக்கர். இப்போ நாம பெட்ரோல் விலை ஏறினால் மைலேஜ் பார்க்கறோம், டயரைப் பத்தி யாராவது யோசிக்கறோமா?

அடுத்தது வேகம். மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர். அதுக்கு மேல யாரும் போகக் கூடாது. கேட்டால் சிரிப்பு வரும், நம்ம ஊர் பைபாஸ்ல 56-ல போனால் பின்னாடி வர்ற பஸ்காரர் ஹாரன்லயே கொன்னுடுவார். ஆனால் இதுக்குப் பின்னால சரக்கு இருக்கு. ஒரே வளைவுல வேகம் கூடினால் டயர் மேல விழற பக்கவாட்டு விசை வேகத்தோட இருபடியில ஏறும். தேய்மானம் அந்த விசையோட இருபடியை ஒட்டி ஏறும். ஆக, 56-ல திரும்பின அதே வளைவை 80-ல திரும்பினால் விசை ரெண்டு மடங்கு, தேய்மானம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. நேர் ரோட்டுல இந்த அளவுக்கு இல்லைன்னாலும் சூடு, பிரேக் எல்லாம் வேகத்தோட சேர்ந்தே ஏறும்.

மூணாவதா, டயருக்கு ஜாதகம் எழுதினாங்க. காருக்கு ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சு டயர்தான், அதுக்கு மேல இருந்தால் அரசாங்கத்துக்கு வித்துடணும். ஒவ்வொரு டயரோட எண்ணும் பதிவாகணும். சில மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயப் பரிசோதனை. காத்து சரியா இருக்கா, ஒரு ஓரம் மட்டும் தேயுதா, அலைன்மெண்ட் போயிருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுவாங்க. கையெழுத்து இல்லாம பெட்ரோலும் கிடையாது, புது டயர் கேட்டு மனுவும் கிடையாது. தேஞ்ச டயருக்கு மேல பட்டை போட்டு ஓட்டறது (நம்ம பாஷையில ரீட்ரேடிங்) பெரிய தொழில் ஆச்சு. நம்ம டயர் கடைக்காரர் இன்னைக்கு வாயால சொல்ற புத்திமதி அத்தனையும் அன்னைக்குச் சட்டம்.

கூடவே செயற்கை ரப்பர். 1941-ல பொது உபயோகத்துக்கான செயற்கை ரப்பர் அமெரிக்காவுல வருஷத்துக்கு 231 டன். 1945-ல மாசத்துக்கு 70,000 டன். நாலே வருஷத்துல! போட்டி கம்பெனிகளெல்லாம் ரகசியத்தைப் பகிர்ந்துக்கிட்டு செஞ்ச வேலை. ஆனால் ஆரம்பத்துல வந்த அந்த ரப்பருக்கு ஒரு குணம், மடிஞ்சு நிமிர்றப்போ சீக்கிரம் சூடாகும். கார் டயருக்குச் சமாளிச்சது. கனரக லாரி டயருக்கும் விமான டயருக்கும் இயற்கை ரப்பர் இல்லாம ஆகலை. அதனால கைவசம் மிஞ்சியிருந்த இலங்கைத் தோட்டங்கள்ல மரம் செத்தாலும் பரவாயில்லைன்னு பட்டையை ஒட்ட உரிச்சுப் பால் எடுத்தாங்க.

இப்போ மறுமுனைக்கு வருவோம். அமெரிக்காவுல டயர் இல்லாம கார் நின்னது. மலாயாவுல என்ன நடந்தது? ரப்பர் அத்தனையும் ஜப்பான் கையில. ஆனால் மலாயா கொடுத்த ரப்பர்ல ஜப்பானுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம்தான். அதை ஏத்திட்டுப் போக கப்பலும் போதலை. வாங்கினவன் எதிரி ஆயிட்டான். அங்கே ஒரு டயருக்கு மனுப் போட்டுக் காத்திருந்த அதே மாசங்கள்ல, இங்கே மரங்கள் வெட்டுவாரில்லாம நின்னது. துரை ஓடிட்டார் அல்லது சிறையில் இருந்தார். பெரட்டு இல்லை, கூலி இல்லை, பர்மாவுல இருந்து வர்ற அரிசி இல்லை. லயத்துக்குப் பின்னால மரவள்ளிக் கிழங்கு போட்டு அதையே மூணு வேளையும் தின்னாங்க.

வேலையில்லாம நிக்கற தோட்டத் தமிழன், ஜப்பானியர் கண்ணுக்குச் சும்மா கிடக்கற கை. சயாம்ல இருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடணும், 415 கிலோமீட்டர், மலையும் காடும். நல்ல சம்பளம், சாப்பாடு, கொஞ்ச நாள்ல திரும்பிடலாம்னு சொல்லி ஆள் எடுத்தாங்க. அப்புறம் சொல்லாமலே லாரியில ஏத்தினாங்க. 1943 அக்டோபர்ல பாதை முடிஞ்சது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல அங்கே வேலை செஞ்சாங்க, அவங்களைப் பத்தி சினிமா, நாவல், நினைவகம், கல்லறை வரிசை எல்லாம் உண்டு. ஆசியத் தொழிலாளிகள் அதைப் போல ரெண்டு மூணு மடங்கு. மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் அதுல இருந்தாங்க. காலராவுலயும் மலேரியாவுலயும் கொத்துக் கொத்தாச் செத்தாங்க. போர்க்கைதிகள்ல செத்தவனுக்குப் பேர், வயசு, படைப்பிரிவு போட்டுக் கல் இருக்கு. நம்ம ஆட்கள்ல எத்தனை பேருன்னு இன்னைக்கு வரைக்கும் குத்துமதிப்புத்தான். டயருக்கு எண் போட்டு வெச்சிருந்த அதே வருஷங்கள் அது.

நான் இதை அமெரிக்கா மேல பழியாச் சொல்லலை. ரேஷன் போட்டவங்க போட்டதும் சரி, ரயில்ல சாகடிச்சது ஜப்பான் ராணுவம். ஆனால் டயர் தேய்மானத்தோட வரலாறுன்னு தேடினால் 35 மைல் வேகம் பத்தி பக்கம் பக்கமா கிடைக்குது, மங்கு ஏந்தின கை என்ன ஆச்சுன்னு அதே பக்கத்துல ஒரு வரி இருக்க மாட்டேங்குது. அந்த ஒரு வரியை இங்கே போட்டு வெக்கறேன்.

போர் முடிஞ்சு 1945 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல பெட்ரோல் ரேஷன் போச்சு, 35 மைல் கட்டுப்பாடும் போச்சு. டயர் ரேஷன் மட்டும் டிசம்பர் 31 வரை நின்னது. முதல்ல வந்தது, மெதுவாப் போனது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடலாம். குளிர்ந்த நிலையில தயாரிக்கற செயற்கை ரப்பர் 1940-களோட கடைசியில வந்தது, அது முந்தினதை விட நல்லா உழைச்சது. மிஷெலின் 1946-ல காப்புரிமை எடுத்து 1949-ல விற்க ஆரம்பிச்ச ரேடியல் டயர் இன்னும் பெரிய பாய்ச்சல். உள்ளே இருக்கற இழைகளை குறுக்கும் நெடுக்குமா இல்லாம ஓரத்துல இருந்து ஓரத்துக்கு நேரா போட்டு, மேலே இரும்புப் பட்டை கட்டினாங்க. ரோட்டைத் தொடற இடம் அசங்காம நிக்கும், வழுக்கல் குறையும். ஆயுசு பழைய டயரைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. (மாமா, கேட்டுக்கோங்க.)

மேலே இருபடி கணக்கு சொன்னேனே, அதைச் சோதனைச்சாலையில சக்கரத்தை ஓடவிட்டு அளந்து சொன்னவர் அடால்ஃப் ஷாலமாக். தேயற ரப்பர் மேல, வழுக்கற திசைக்குக் குறுக்கே, மணல்ல காத்து போட்ட வரி மாதிரி சின்னச் சின்ன மடிப்புகள் வரும். ஒரு ஓரமா தேஞ்ச டயரை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கண்ணுக்கே தெரியும். அதுக்கு அவர் பேரையே வெச்சிருக்காங்க. 1950-கள்ல அவர் வேலை பார்த்தது இங்கிலாந்துல ரப்பர் உற்பத்தியாளர்கள் நடத்தின ஆராய்ச்சி நிலையத்துல. அந்த நிலையம் ஓடினது மலாயா ரப்பர் மேல போட்ட வரிப்பணத்துல. சுத்திச் சுத்தி அதே மரத்தடிக்குத்தான் வந்து நிக்கறோம்.

கடைசியா, கடைக்காரர் சொல்ற அந்த அம்பதாயிரத்துக்கு வருவோம். சில டயர்ல பக்கச்சுவர்ல ட்ரெட்வேர் 300, 400-ன்னு எண் போட்டிருப்பாங்க. இது 1970-களோட கடைசியில அமெரிக்காவுல வந்த சட்டம். டெக்சாஸ்ல சான் ஆஞ்சலோங்கற ஊரைச் சுத்தி 400 மைல் ரோடு ஒண்ணு குறிச்சு வெச்சிருக்காங்க. அதுல கார்கள் வரிசையாப் போகும், மொத்தம் 7,200 மைல். முதல் 800 மைல் பழகறதுக்கு, மீதி 6,400 மைல்ல எவ்வளவு தேயுதுன்னு அளந்து, நூறு மார்க் கொடுத்த ஒரு மாதிரி டயரோட ஒப்பிடுவாங்க. காத்து சரியா இருக்கும், அலைன்மெண்ட் சரியா இருக்கும், நடுநடுவே டயரை மாத்தி மாத்திப் போடுவாங்க, ஓட்டறவர் பழக்கப்பட்டவர், வரிசையை விட்டு முந்தப் போக மாட்டார். டயர் தீர்ற வரைக்கும் யாரும் ஓட்டிப் பார்க்கறதில்லை, மீதிக்குக் கணக்குத்தான். அந்த எண்ணும் கிலோமீட்டர் இல்லை, ஒப்பீடு.

ஆக, எதிர்பார்த்ததை விட டயர் சீக்கிரம் தேயலை. எதிர்பார்ப்பு 1942 அமெரிக்காக்காரர் மாதிரி ஓட்டற ஆளுக்குப் போட்டது. ஓட்டறது ஏப்ரல் மாச வெயில்ல, மூணு பேர் ஏற வேண்டிய வண்டியில ஆறு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏத்திக்கிட்டு, வேகத்தடை தெரியாம ஏறி இறங்கி, அந்த இடியில அலைன்மெண்ட் போனதை ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கற வரைக்கும் பார்க்காம. மின்சாரக் கார் வாங்கினவங்க இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க, பேட்டரி கனமும் மிதிச்சதும் கிடைக்கற இழுவிசையும் சேர்ந்து டயரைத்தான் கேட்கும்.

காத்து பார்க்கறதா இருந்தால் காலையில வண்டி எடுத்ததும், டயர் சூடாகறதுக்கு முன்னால பாருங்க. எவ்வளவுங்கறது டயர்ல எழுதியிருக்காது, அங்கே இருக்கறது அதிகபட்ச அளவு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதுல ஆள் குறைவா இருந்தால் ஒரு அளவு, வண்டி நிறைஞ்சிருந்தால் ஒரு அளவுன்னு ரெண்டு போட்டிருப்பாங்க. ஊருக்குப் போறப்ப ரெண்டாவது.